தலைக்கு எதை வைத்திருந்தார்

முதல் பக்கத்துக் கேள்விகளுக்கெல்லாம் மளமளவென்று விடை எழுதி, ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரியும் போட்டுக்கொண்டே வந்த பிறகுதான் சுகிர்தத்துக்குச் சுருக்கென்றது. அட கர்த்தாவே, இது என்ன கிறுக்குத்தனம். தன் விடைக்குத் தானே சரி போட்டிருக்கிறாள். அதுவும் எப்படிப்பட்ட சரி, அடியில் குட்டையாக வளைந்து மேலே வாலை நீட்டிக்கொண்டு போகிற சரி, எத்தனையோ வருஷமாக எத்தனையோ பெண்களின் விடைத்தாளில் அவள் போட்ட அதே சரி. கை தன்பாட்டுக்குப் போட்டிருக்கிறது. செக்கிலிருந்து அவிழ்த்து விட்டாலும் மாடு வட்டமாகத்தானே நடக்கும். இடது உள்ளங்கையால் ஓரத்தை மூடிக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தாள். வாசல் பக்கம் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்க்கிற பெனிட்டா கண்டுவிட்டாள். கண்டுவிட்டு உடனே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலில் மரியாதை இருந்தது, அதுதான் வலித்தது. சிரித்துத் தொலைத்திருந்தால் தேவலை. அந்தப் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்பார்கள், அவர் வீட்டுக்காரியை ஐயரம்மா என்பார்கள். ஞானாயுதம் ஐயர் இருந்த மட்டும் சுகிர்தம் ஐயரம்மா. போன மழைக்காலத்தில் அவர் கண்ணை மூடினார். ஐயருக்கென்று சபை கொடுத்த வீடான குருமனையைக் காலி பண்ணி, சாவியைக் கொடுத்து, கோவிலுக்குப் பின் தெருவில் ஒரு வாடகை வீட்டில் சாமான்களை இறக்கிய நாளிலிருந்து அவள் பழைய ஐயரம்மா. பெனிட்டா புது ஐயரம்மா. இதற்கு ஒரு சமாதானம் சொல்லியிருந்தாள், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற தங்கக்கனி: "அதுக்கென்னம்மா, நீங்க பழைய ஏற்பாடு, அந்தப் பிள்ள புதிய ஏற்பாடு. ரெண்டும் சேந்தாத்தானே வேதம்." அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை, உள்ளங்கையின் கீழே மசி பிசுபிசுத்தது.

வருஷா வருஷம் ஆடி மாசத்து ஒரு சனிக்கிழமையில் சுற்றுவட்டாரச் சபைகள் சேர்ந்த சேகரத்துப் பெண்களுக்கெல்லாம் நடக்கிற வேதப் பரீட்சை இது. ஒரு சுவிசேஷப் பகுதியைக் குறித்துக் கொடுத்துவிடுவார்கள், அதைப் படித்துவிட்டு வந்து எழுத வேண்டும். இந்த வருஷம், ஆண்டவர் படகில் தூங்கும்போது புயல் வந்து, சீஷர்கள் அவரை எழுப்புகிற பகுதி. கோவிலை ஒட்டின ஆரம்பப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில், சேலையும் ரவிக்கையும் மூக்குக்கண்ணாடியுமாகப் பெரிய பெரிய பெண்கள் முழங்காலை எங்கே மடக்குவதென்று தெரியாமல் உட்கார்ந்து எழுதுவார்கள். சுகிர்தத்தின் முழங்கால் மேசையின் அடிப்பலகையில் இடித்துக்கொண்டே இருக்கிறது. எந்தப் பிள்ளையோ அடிப்பலகையில் ஒட்டிவைத்த சூயிங்கம் சேலையில் பட்டுவிடக்கூடாதே என்று வேறு கவலை. ஆடிக் காற்று ஜன்னல் வழியே செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து தாள்மேல் தூவுகிறது, ஊதிவிட்டால் அடுத்த பிடி வருகிறது. தாள் பறக்காமலிருக்க ஆளுக்கொன்றை வைத்திருக்கிறார்கள், ஒருத்தி செல்போனை, ஒருத்தி தண்ணீர்ப் பாட்டிலை, தங்கக்கனி தன் முழங்கையையே. இத்தனை வருஷமும் பெனிட்டா உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் இவள் உட்கார்ந்திருந்தாள். கேள்வித்தாள் இவள் குறித்தது, மாதிரி விடை இவள் எழுதியது, விடைத்தாள் கட்டு குருமனைக்கு வந்து சாப்பாட்டு மேசைமேல் ஏறும், ஐயர் தட்டை வைக்க இடமில்லாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்று சாப்பிடுவார். இந்த வருஷமும் திருத்தத்தான் கூப்பிட்டார்கள். இவள்தான் வேண்டாம், நான் எழுதுகிறேன், பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றிருந்தது. ஊர் சும்மா இருக்குமா. "பழைய ஐயரம்மா பரிட்ச எழுதுதாவளாம், அப்ப நாமெல்லாம் ரெண்டாம் பரிசுக்குத்தான் மல்லுக்கட்டணும்" என்று குழாயடியில் பேசினார்களாம். இன்னொருத்தி, "வீடு போச்சு, நாற்காலி போச்சு, பரிசையாவது வாங்கிட்டுப் போட்டும்" என்றாளாம். அதையும் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து சேர்த்தது தங்கக்கனிதான்.

பரிசுக்காகவா வந்தாள். யாரிடம் சொல்ல, ஏன் வந்தாள் என்று. ஐயர் போனதிலிருந்து வேதத்தைத் திறந்தால் எழுத்துதான் தெரிகிறது. திறந்தவுடனே மண்டைக்குள் குறிப்புகள் ஓட ஆரம்பித்துவிடும், முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு வந்து தடதடவென்று கடந்து போய்விடும், போனபின் தண்டவாளம்தான் மிச்சம். ஜெபம் பண்ண முழங்கால் போட்டால் வாய் தன்பாட்டுக்கு ஜெபிக்கிறது, கேட்கிறவர்கள் உருகும்படி ஜெபிக்கிறது, ஆனால் அதை எங்கோ மூலையில் உட்கார்ந்து ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள், மதிப்பெண் போடுகிறாள். நன்று. சொல் அழகு. இன்னும் கொஞ்சம் உருக்கம் வேண்டும். இது எப்போது தொடங்கியது. துக்கத்தில் தொடங்கியதா, அல்லது ரொம்ப நாளாகவே இப்படித்தானா, ஐயரின் சத்தம் வீட்டில் இருந்ததால் இவளுக்குத் தெரியாமல் போனதா. ஒரு காலத்தில் கொதித்த பானை, இப்போது கை வைத்தால் சூடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அதனால்தான் வந்தாள். எல்லாக் கேள்வித்தாளிலும் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. அதை அவளே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள்: இதிலிருந்து நீ கற்றுக்கொள்வது என்ன? மூன்று குறிப்பு எழுதினால் முழு மதிப்பெண். கீழ்ப்படிதல், பொறுமை, விசுவாசம், எந்தக் கதைக்கும் இந்த மூன்றும் பொருந்தும், வெண்டைக்காயானாலும் கத்தரிக்காயானாலும் ஒரே மசாலா. நேற்று விளக்கணைத்துப் படுத்தபோது அவள் ஒரு தீர்மானம் பண்ணிக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு ஒரு வரி, ஐயரிடமிருந்து வராத, பிரசங்கத்திலிருந்து வராத, தனக்கே தனக்கென்று ஒரு வரி எழுத முடிந்தால் உள்ளே இன்னும் கங்கு இருக்கிறது. முடியாவிட்டால் அந்த இடத்தை வெள்ளையாக விட்டுக் கொடுத்துவிடுவது. அதன்பின் பெண்கள் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டாலும் சரி, ஜெபிக்கக் கூப்பிட்டாலும் சரி, வாயைத் திறப்பதில்லை, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, ஆமென் மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவது. யாருக்கும் தெரியாத தீர்மானம். ஆனால் அதோடு விளையாட முடியாது.

"எம்மா," என்று தங்கக்கனி வாயைத் திறக்காமல் கூப்பிட்டாள், அது ஒரு வித்தை. "அஞ்சாவதுக்கு என்ன?" சுகிர்தம் காதில் விழாத மாதிரித் தாள்மேல் விழுந்த மண்ணை ஊதினாள். "அந்த மனுசனுக்குத் தலமாட்டுல என்ன இருந்துச்சு, அதாம்மா." புது ஐயரம்மா தொண்டையைச் செருமினாள். "அக்கா, பேசக்கூடாது." "பேசலம்மா, ஜெபம் பண்ணுதேன்." பின் வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. தங்கக்கனி சேவல் கூவுமுன் எழுந்து வீட்டு வாசலில் ஆப்பச்சட்டி போடுகிறவள். நூறு வாய்க்கு ஆப்பம் சுட்டுவிட்டு, முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு வந்திருக்கிறாள், பவுடருக்கு மேலே கண்ணிமை இரண்டும் ஈரத்துணி மாதிரி தொங்குகின்றன. பரீட்சை தொடங்குமுன்பே சொல்லி வைத்திருந்தாள்: "ஒறங்கிட்டேன்னா ஒரு குத்து குத்துங்கம்மா. கொறட்ட வேற விடுவேன், சபையில மானம் போயிரும்." சுகிர்தம் ஐந்தாவது கேள்வியைப் பார்த்தாள். படகில் தூங்கியபோது அவர் தலைக்கு எதை வைத்திருந்தார்? ஒரு மதிப்பெண். தலையணை என்று எழுதி, பக்கத்தில் அந்த மானங்கெட்ட சரியும் போட்டிருந்தாள். இது இவள் வைக்கிற கேள்விதான். ஊன்றிப் படிக்காதவர்களைப் பிடிக்க ஒரு கண்ணி. புயலை ஞாபகம் வைத்திருப்பார்கள், அலையை ஞாபகம் வைத்திருப்பார்கள், அவர் காற்றை அதட்டினதை ஞாபகம் வைத்திருப்பார்கள், தலையணையை விட்டுவிடுவார்கள். துணி என்று ஒருத்தி எழுதுவாள், கல் என்று ஒருத்தி எழுதுவாள், கல் பழைய ஏற்பாட்டில் வேறொருவருடைய தலைமாட்டில் இருந்தது. புது ஐயரம்மா பழைய கேள்வித்தாள்களைப் பார்த்து இதை எடுத்துக்கொண்டாள் போல. எடுக்கட்டும். தலையணை. சின்னக் கேள்வி. ஒற்றைச் சொல். ஏன் அதிலேயே கண் நிற்கிறது. அடுத்ததற்குப் போ சுகிர்தம். பக்கத்தைத் திருப்பு. திருப்பினாள், காற்று திரும்பப் புரட்டி முதல் பக்கத்தையே கொண்டுவந்து வைத்தது. தலையணை.

தலையணை அன்றைக்கு வெயிலில் கிடந்தது. மூன்று நாள் மழைக்குப் பின் சுள்ளென்று வெயில் அடித்ததால் குருமனைப் பின்கட்டில் பாய், போர்வை, தலையணை எல்லாவற்றையும் தூக்கிக் காயப் போட்டிருந்தாள். ஐயர் மத்தியானம் ஒரு சாவு வீட்டு அடக்க ஆராதனையை முடித்துவிட்டு வந்தார், அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டக்கூடப் பொறுமையில்லாமல் நாற்காலியில் போட்டார், "கொஞ்சம் சாயுதேன் சுகிர்தம்" என்று வெறுங்கட்டிலில் படுத்துவிட்டார். சோற்றுக்கு எழுப்பினாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். அதன்பின் அவர்கள் வந்தார்கள், தோட்டத்தில் போர் போடப் போகிறோம், தண்ணீர் விழ ஐயர் வந்து, அல்லது இங்கேயே இருந்தாலும் சரி, ஒரு ஜெபம் பண்ண வேண்டும் என்று, மேல்தெருக்காரர்கள், பழம் வெற்றிலையில்லாத குறைதான், மற்றபடி ஒரு தாம்பாளம் நிறைய எல்லாம் கொண்டு வந்திருந்தார்கள். ஐயர் ஒறங்குதாவ, சாயங்காலம் வாங்க என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் சபை மக்களைத் திருப்பி அனுப்பின ஐயரம்மா என்று ஒரு சொல் வந்துவிடக்கூடாதே. உள்ளே போனாள். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தார், அதுவும் விலகிக் கிடந்தது, ஒரு கை மடங்கிக் காதின் கீழே இருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, காலில் செம்மண். தோளைத் தொட்டு அசைத்தாள். எழும்புங்க, ஆள் வந்திருக்கு. கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை அசைத்தாள். எழும்புங்களேன், என்ன நெனைப்பாவ. கண்ணைத் திறந்து ஒரு நொடி இவளை யாரென்று தெரியாத மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வை, அந்தப் பார்வைதான். பின்பு கோபமில்லாமல் எழுந்து, முகம் கழுவி, அங்கியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீருக்காக ஜெபித்தார். நல்ல ஜெபம், கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் போனபின் மறுபடி படுக்கப் போனவரை, காப்பி குடித்துவிட்டுப் படுங்கள் என்றாள். காப்பியைக் கொண்டுபோனபோது ஆள் இல்லை. உடம்பு இருந்தது. தலை வெறும் கட்டில் பலகையில். தலையணை பின்கட்டில் வெயிலில் உப்பிக்கொண்டு, சூடாக, வாசனையாகக் கிடந்தது. டாக்டர் சொன்னார், அது எப்படியும் நடந்திருக்கும் என்று. எப்படியும் என்றால் எப்படி. அசைக்காமல் விட்டிருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பார், அந்தப் பார்வையைப் பார்த்திருக்க வேண்டாம். மேல்தெருத் தோட்டத்தில் தண்ணீர் விழுந்ததாம். நல்ல தண்ணீராம்.

போதும். கடைசிக் கேள்விக்கு வா. அவர் புயலின் நடுவே தூங்கினார், சீஷர்கள் எழுப்பினார்கள். இதிலிருந்து நீ கற்றுக்கொள்வது என்ன? கீழே கோடு போட்ட அரைப்பக்கம். பேனாவை வைத்தவுடனே ரயில் புறப்பட்டுவிட்டது, முதலாவது, நாம் போகும் படகில் அவர் இருக்கிறார், இரண்டாவது, அவர் தூங்கினாலும் நம்மை மறப்பதில்லை, மூன்றாவது, நம் சத்தத்தைக் கேட்டு எழுகிறார். நிறுத்து. இது ஐயருடையது, புத்தாண்டு ஆராதனையில் சொன்னது, அதற்குமுன் அவருடைய குரு அவருக்குச் சொன்னது, அதற்குமுன் யாரோ. பொய் என்று இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் இரவல் நகை. கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பேனா காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஓய்வுநாள் பள்ளியில் பச்சை பிளானல் துணி போர்த்தின பலகையில் ஒட்டுப்படங்களை வைத்துச் சொல்லுவாள், நீலத்தில் கடல், பழுப்பில் படகு, முகம் பயந்த சீஷர்கள் நாலைந்து. தூங்குகிற ஆண்டவர் படம் மட்டும் அந்தப் படக்கட்டுக்குள் கிடையாது. அதனால் கையை உயர்த்தி நின்றுகொண்டு ஆசீர்வதிக்கிற படத்தையே எடுத்துப் படகுக்குள் படுக்கப் போடுவாள். படுத்துக்கொண்டும் ஒரு கையைத் தூக்கி ஆசீர்வதித்துக்கொண்டிருப்பார். ஒரு பிள்ளை கேட்டது, டீச்சர், கை வலிக்காதா என்று. பேசாம கத கேளு என்றாள். கை வலிக்காதா. இத்தனை நாள் கழித்து அந்தப் பிள்ளையின் சத்தம் இந்த மூன்றாம் வகுப்பு அறைக்குள் காற்றோடு வருகிறது. யார் பெற்ற பிள்ளையோ, முகம் நினைவில்லை, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. ஆண்டவர் பகல் முழுக்கப் படகில் உட்கார்ந்து கரையில் நின்ற கூட்டத்தோடு பேசியிருக்கிறார், தொண்டை வறளப் பேசியிருக்கிறார். அங்கியை மாற்றினாரா, சாப்பிட்டாரா, ஒன்றும் எழுதியில்லை. படகில் இருந்தபடியே கொண்டுபோனார்கள். படகு நகர்ந்தவுடனே தூங்கிவிட்டார். விசுவாசத்தைச் சோதிக்கத் தூங்கினார் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள், பாவி. சோதிக்கத் தூங்குகிறவன் காதைத் திறந்து வைத்துக்கொண்டல்லவா தூங்குவான். அலை முகத்தில் அடித்தும் எழும்பாத தூக்கம் எப்படிப்பட்ட தூக்கம். அடக்க ஆராதனை முடிந்து வந்த மனுஷனின் தூக்கம். அது...

கொர்ர்ர் என்று ஒரு சத்தம். சுகிர்தம் திடுக்கிட்டாள். தங்கக்கனி போய்ச் சேர்ந்துவிட்டாள், விடைத்தாளின்மேல் கன்னத்தை வைத்து, பேனா விரலிடுக்கிலேயே இருக்க, வாய் லேசாகத் திறந்து, மேல் உதட்டில் பவுடரும் வேர்வையும் கலந்து. நெற்றிப்பொட்டு மேசைப் பலகையின் விளிம்பில் அழுந்தி, அந்த இடம் சிவந்திருந்தது. பின்னால் இரண்டு பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். சுகிர்தத்தின் கை தன்பாட்டுக்கு எழுந்தது, தோளைத் தொட்டு அசைக்க, எழும்பு, என்ன நெனைப்பாவ. பாதியில் நின்றது. அந்தரத்தில் நிற்கிற தன் கையையே அவள் பார்த்தாள். நரம்பு புடைத்த, மசி பட்ட கை. இதே கை. குத்தச் சொல்லியிருக்கிறாளே, சபையில் மானம் போகுமென்று சொன்னாளே, எழுப்புவதுதானே நியாயம். நியாயம்தான். அன்றைக்கும் நியாயம்தான். கை கீழே இறங்கி, பக்கத்தில் வைத்திருந்த துணிப்பைக்குள் போனது. குடையை எடுத்துத் தரையில் வைத்தாள், கண்ணாடிக்கூட்டை எடுத்தாள், முகம் துடைக்கக் கொண்டுவந்த சின்னத் துண்டை மட்டும் உள்ளே விட்டுப் பையை இரண்டாக மடித்தாள். தலையணை என்று சொல்லிக்கொள்ள முடியாது அதை. தங்கக்கனியின் தலையை ஒரு கையால் தூக்கினாள், என்ன கனம், தூங்குகிறவர்களின் தலைக்கு ஏன் இவ்வளவு கனம், வேர்த்து ஈரமான தலைமயிர், ஆப்ப மாவின் புளிப்பு வாசனை. பையை அடியில் நகர்த்தினாள். குறட்டை நின்று, பெருமூச்சு ஒன்று வந்து, மூச்சு சீரானது. பெனிட்டா எழுந்து வந்து குனிந்து, "ஐயரம்மா, அவங்கள எழுப்பி விடுங்க, இன்னும் எழுதி முடிக்கலையே" என்றாள். அறையில் அவளை வெறும் ஐயரம்மா என்று கூப்பிட்டது இந்தப் பிள்ளைதான், பழைய என்கிற வால் இல்லாமல். "ஒறங்கட்டும்மா," என்றாள் சுகிர்தம். "கொஞ்ச நேரம் ஒறங்கட்டும். ரொம்பக் களைச்சிருக்கா." சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. களைப்பு. யாரோ வேறொருத்தி பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி விழுந்தது.

படகில் தலையணை எங்கிருந்து வந்தது. மீன்பிடிக்கிற படகு. வலை இருக்கும், கயிறு இருக்கும், செதில் இருக்கும், தலையணைக்கு அங்கே என்ன வேலை. அவர் கொண்டு வரவில்லை, இருந்தபடியே புறப்பட்டார். அப்படியானால் யாரோ ஒருவன், பேர் எழுதப்படாத ஒருவன், இவர் கண் சொக்குவதைப் பார்த்து, எதையோ மடித்து, ஐயா இத தலைக்கு வச்சுக்கிடுங்க என்று நீட்டியிருக்க வேண்டும். பயந்து எழுப்பினவர்களைப் பற்றிப் பேசித் தீர்த்தாயிற்று. நீட்டினவனை யாரும் கேட்கவில்லை. அவளே கேட்கவில்லை, தலையணை என்று எழுதினால் ஒரு மதிப்பெண் என்று வைத்ததோடு சரி. அவர் வாங்கிக்கொண்டார். அதுதான் ஆச்சரியம். எனக்கு வேண்டாம், நான் யாரென்று தெரியுமா என்று சொல்லவில்லை. வாங்கித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினார். சுகிர்தத்துக்குக் கண் கரித்தது, செம்மண்தான், செம்மண் என்றே வைத்துக்கொள்ளட்டும். எழுப்பினவர்களை அவர் அடித்துத் துரத்தவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. ஏன் பயந்தீர்கள் என்று கேட்டார், ஆனாலும் அதே படகில்தான் அக்கரைவரை கூட்டிக்கொண்டு போனார். ஒரு நொடி தன்னை அறியாதவர் மாதிரிப் பார்த்த அந்தப் பார்வைகூட, தூக்கக் கலக்கம்தானே, வேறென்ன, தூக்கத்திலிருந்து வருகிறவனுக்கு எந்த முகமும் முதலில் அப்படித்தான். அதன்பின் ஐயர் முகம் கழுவப் போகையில் இவள் தோளில் கையூன்றிக்கொண்டு போனாரே. அது எப்படி இத்தனை நாளாக நினைவுக்கு வரவில்லை. கையூன்றினார். கனமாக ஊன்றினார். பேனா காகிதத்தில் இறங்கிவிட்டது. அவள் எழுதினாள்: "அவர் களைத்துப் போயிருந்தார். யாரோ அவருக்குத் தலையணை கொடுத்திருக்கிறார்கள். இத்தனை காலம் இந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்தும் அது யார் என்று நான் கேட்டதில்லை. இன்றுதான் கேட்கிறேன்." படித்துப் பார்த்தாள். ஒரே குறிப்பு. அதுவும் விடை இல்லை, கேள்வி. மாதிரி விடையை வைத்துக்கொண்டு பார்த்தால் ஐந்துக்கு ஒன்று போடலாம், அவளாக இருந்தால் அதுகூடப் போட்டிருக்க மாட்டாள், வினாவுக்கேற்ற விடை எழுதவும் என்று சிவப்பில் கிறுக்கியிருப்பாள். ஓரம் வெள்ளையாக இருந்தது. வெள்ளையாகவே இருக்கட்டும்.

மணி அடித்ததில் தங்கக்கனி தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். கன்னத்தில் பைத்துணியின் கோடுகள் பதிந்திருந்தன. தாளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், சுகிர்தத்தைப் பார்த்தாள். "எம்மா, எழுப்பச் சொன்னேம்லா? கடைசிக் கேள்வி அப்படியே கெடக்கே!" "சொன்ன. மனசு வரல." "நல்லாருக்கே கத. நீங்க மொதப் பரிசு வாங்கதுக்கு என்னய ஒறங்கப் போட்டுட்டிய, என்ன?" அறை முழுக்கச் சிரித்தது. புது ஐயரம்மாவும் சிரித்துவிட்டு, மற்றவர்களின் தாள்களை வாங்கி முடிக்கும்வரை எழுதிக்கொள்ளுங்கள் அக்கா என்றாள். தங்கக்கனி அவசர அவசரமாகப் பேனாவைத் தேடினாள், அது தரையில் குடைக்குப் பக்கத்தில் கிடந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்: "வெரசாச் சொல்லுங்கம்மா. மூணு குறிப்பு. நீங்க சொல்லச் சொல்ல எழுதிப்போடுதேன்." மூன்றும் நாக்கு நுனியில் நின்றன, குளித்து உடுத்து வரிசையாக. சுகிர்தம் அவற்றை விழுங்கினாள். "எனக்குத் தெரியல தங்கக்கனி. நீ சொல்லு. அவ்வளவு பெரிய காத்துல அவருக்கு எப்படி ஒறக்கம் வந்துச்சு?" தங்கக்கனி திரும்பி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள், கேலி பண்ணுகிறாளோ என்று. "எங்கிட்டயா கேக்கிய?" "ஒங்கிட்டத்தான்." "பதில் தெரிஞ்சுக்கிட்டே கேக்கதுதான ஒங்க வழக்கம்." "இது தெரியாமக் கேக்கேன்." தங்கக்கனி பேனாவின் அடிப்பக்கத்தால் தலையைச் சொறிந்தாள். ஜன்னலுக்கு வெளியே காற்று வேப்பமரத்தை அடியோடு பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது, கிளையில் ஒரு காக்கை ஆட்டத்துக்கு ஆட்டம் இறகை விரித்து மடக்கிக்கொண்டு, விட்டுப் போகாமல் உட்கார்ந்திருந்தது. "எனக்கென்னமோ," என்றாள் தங்கக்கனி, சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே, "படகு ஆடிச்சுல்லா. தொட்டில்ல கெடக்க பிள்ளைக்கு ஆட்ட ஆட்டத்தான ஒறக்கம் வரும்? நமக்கு அது புயலு. அவருக்கு..." நிறுத்திவிட்டு, "தப்பாம்மா?" என்றாள்.

சுகிர்தம் தன் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு, பெஞ்சில் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். முழங்கால் பலகையில் இடித்தது. "மேல சொல்லு," என்றாள்.